தண்ணீர் குடித்த செடிகள்

அன்பு மகனுக்கு,

தாளின் தலையில் சிலுவைக் குறி போட்டு உன் பெயரை எழுதியதோடு சரி, அதற்குமேல் பேனா ஓடவில்லை. வெளியே கார்த்திகை மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. உன் அம்மா இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளைக்குக் கடுதாசி எழுத இம்புட்டு நேரமா? ரெண்டு வரி சொகம், ரெண்டு வரி புத்தி, அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டுப் போனாள். வழக்கமாக அவ்வளவுதான். இந்த முறை புத்தி சொல்லும் நிலையில் நான் இல்லை. நான் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தை நீ யாரிடம் காட்டினாலும் எனக்குச் சம்மதம். மறைத்தது போதும்.

கல்லறைத் திருநாளுக்கு நீ ஊருக்கு வந்திருந்தபோது சாப்பாட்டு இலையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாயே, நினைவிருக்கிறதா? விக்கிரமங்கலத்துக்கு மேற்கே ஓடைக்கரைத் தரிசில் புதிதாக ஆறு சுண்ணாம்புக் காளவாய் போடப் போகிறோம், இடம் பார்க்கும் பொறுப்பை முதலாளி என்னிடம் விட்டிருக்கிறார், ஆடி மாதமே போய்க் கல் ஊன்றிவிட்டு வந்துவிட்டேன் என்றாய். உன் அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "பக்கத்துல வெள்ளாம ஏதும் இருக்காப்பா?" என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "அது வானம் பாத்த பூமிப்பா. அங்க நாலு பேரு கம்பும் வரகும் வெதைக்கிறாங்க. நீங்கதானே சொல்லியிருக்கீங்க, தண்ணி பாயாத செடிய பொகை ஒண்ணும் பண்ணாதுன்னு" என்றாய். நான்தான் சொல்லியிருந்தேன். சொன்னது பொய்யுமில்லை. ஆனால் அந்தக் கதையை உனக்குச் சொன்னபோது அதிலிருந்து ஓர் ஆளை எடுத்துவிட்டுச் சொன்னேன். அந்த ஆள் இல்லாததால்தான் நீ அதை இப்படி எடுத்துக்கொண்டாய்.

ஆரோக்கியத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நம் கிணற்றில் கவலை இறைத்தவர். மாட்டை முன்னே ஓட்டித் தோல் சாலில் தண்ணீரை மேலே இழுக்கும்போது, உன்னைத் தூக்கி வடத்தின் மேல் உட்கார வைத்துக்கொள்வார். சரிவில் மாடு இறங்க இறங்க நீ கெக்கலி கொட்டிச் சிரிப்பாய். திருச்சியில் போர்டிங்கில் நீ படித்துக்கொண்டிருந்தபோது ஒரு லீவில் வந்து, "ஆரோக்கியம் எங்கப்பா?" என்று கேட்டாய். "வேற ஊருக்குப் பொழைக்கப் போயிட்டான்" என்றேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவரை நான் அப்படித்தான் பேசுவேன், அவன் இவன் என்று. நம் கோயிலில் அவர் சாதிசனம் உட்காரும் பக்கம் வேறு, நாம் உட்காரும் பக்கம் வேறு. ஒரே நற்கருணையை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து வேறு வேறு பக்கம் உட்காருவோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்த எனக்கு அது ஒரு நாளும் உறுத்தவில்லை.

அவர் பிழைக்கப் போகவில்லை. நான் விரட்டினேன்.

போர் நடந்துகொண்டிருந்த காலம். எங்கெங்கோ பட்டாளத்துக்குக் கட்டடம் எழும்புகிறது, சுண்ணாம்பு வேண்டும் என்று நம் ஊருக்கு மேற்கே வரிசையாக ஐந்து காளவாய் வைத்தார்கள். அதற்கு முன்பும் ஒன்றிரண்டு இருந்ததுதான். முள்விறகை அடுக்கி எரிப்பார்கள், புகை வரும், போகும், கோயில் சுவர்கூடக் கறுக்காது. போர் வந்தபின் விறகு கட்டுப்படியாகவில்லை. அரியலூர் ஸ்டேஷனிலிருந்து ரயில் கரித்தூளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து சுண்ணாம்புக்கல்லோடு மாற்றி மாற்றி அடுக்கினார்கள். அந்தப் புகை வேறு மாதிரி இருந்தது. மஞ்சள் ஓடி, கனமாக, தீக்குச்சி கிழித்ததும் மூக்கில் ஏறுமே, அந்த நெடியோடு வந்தது. ஊரில் நாலு பேர் இருமினார்கள். நாலு பேருக்கு வேலை கிடைத்தது. இருமியவர்களும் வேலை கிடைத்தவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள் என்பதால் யாரும் ஒன்றும் பேசவில்லை.

அந்த வருஷம் கிணற்றடிக் கொல்லை முழுக்க மிளகாய் போட்டிருந்தேன். கரிசல் மண், நல்ல கிணறு, ஆரோக்கியம் மாதிரி ஓர் ஆள். மார்கழி பிறக்கும்போது செடி இடுப்பளவு நின்று பூ எடுத்தது. கொல்லையின் வடகிழக்கு மூலை மட்டும் மேடு, வாய்க்கால் தண்ணீர் ஏறாது. மிச்சப்பட்ட நாற்றை ஆரோக்கியத்தின் மனைவி அந்தோணியம்மாள் அந்த மூலையில் நான்கு வரிசை நட்டுக்கொண்டாள். வீட்டுக் குழம்புக்கு ஆகும் என்று என்னிடம் கேட்டுத்தான் நட்டாள். தண்ணீர் இல்லாமல் அந்தச் செடிகள் முழங்கால் உயரம்கூட வரவில்லை. பகலில் இலை தொங்கும், விடிந்தால் நிமிரும். அதைப் பார்த்து நான் கேலிகூடச் செய்திருக்கிறேன்.

தை பிறந்து பத்து நாளில் என் செடிகளில் இலையின் மேல்புறம் ஊசியால் குத்தினதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. இரண்டு நாளில் அவை துருப்பிடித்த நிறத்துக்கு மாறின. பிறகு இலை உதிர்ந்தது, பூவும் உதிர்ந்தது. பூச்சி இருக்கிறதா என்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை. பகல் வெயில் தாங்காமல் கருகுகிறது, தாகம் என்று முடிவு கட்டி, "இன்னும் பத்து சால் கூட எறைடா" என்று உத்தரவு போட்டேன். ஆரோக்கியம் இறைத்தார். கூட இறைக்க இறைக்க கருகல் கூடியது. ஒரு நாள் அவர் தலைமுண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "வாத்தியாரய்யா, தப்பா நெனைக்காதீங்க. பொகை படுத்துக் கெடக்குற நாள்லதான் இது வருதுங்க. நேத்து காத்து இருந்துச்சு, புதுசா ஒண்ணும் விழல" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொகைன்னா ஒன் மூலைக்கு மட்டும் வழி தெரியாமப் போயிடுச்சா?" என்று கேட்டேன். அவர் மூலையைத் திரும்பிப் பார்த்தார். அந்த மேட்டு மூலையில் ஓர் இலைகூடக் கெடவில்லை. வாடி வதங்கி, ஆனால் பச்சையாக நின்றது.

அங்கேதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. வாத்தியார் புத்தி. தண்ணீர் பாய்ந்த இடமெல்லாம் கருகியிருக்கிறது, பாயாத இடம் தப்பியிருக்கிறது. ஆகவே குற்றம் தண்ணீரில். கிணற்றில் உப்பில்லை, நாமே குடிக்கிறோம். ஆகவே குற்றம் பாய்ச்சிய நேரத்தில். உச்சி வெயிலில் பாய்ச்சினால் செடி வெந்துபோகும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் விடிவதற்கு முன்னால் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நான் பள்ளிக்கூடம் போன பிறகு இந்த ஆள் சோம்பல்பட்டு மத்தியானம் இறைத்திருக்கிறான். கணக்குப் பாடத்தில் படிப்படியாக எழுதி, கடைசியில் கோடு போட்டு விடை எழுதுவேனே, அப்படி விடை எழுதிவிட்டேன். ஒவ்வொரு படியும் ஒழுங்காக இருந்ததால் விடையைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை. படித்தவர்கள் தவறு செய்தால் இப்படித்தான் செய்வோம், மகனே. நீயும் படித்தவன். அதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சனம் கோயிலுக்கு வெளியே வந்து நின்றபோது, எல்லாருக்கும் கேட்கும்படி அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். மத்தியானம் இறைத்தது உண்மையா இல்லையா, உள்ளே போய் மாதா பீடத்தின் முன்னால் கையில் மெழுகுவத்தி பிடித்துச் சத்தியம் பண்ணு என்றேன். நம் ஊரில் களவு போனால், வரப்பு நகர்ந்தால் அப்படிக் கேட்பது வழக்கம்தான். ஆரோக்கியம் உள்ளே போகவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னார்: "எறைச்ச நேரத்தச் சொல்றதுக்கு மாதாவ எதுக்குங்க இழுக்கணும்? கோழி கூப்புடறதுக்கு முன்னாடி கவலை ஓட்டுறேன். உருளை சத்தம் ஒங்க வூட்டுக்குக் கேக்கும். ஒங்களுக்கே தெரியும்ங்களே." 

கேட்கும். தினம் கேட்டது. எண்ணெய் போடாத அந்தக் கிணற்று உருளை கிறீச்சென்று இழுக்கும் சத்தத்தில்தான் நான் தினமும் கண் விழிப்பேன். அதுதான் எனக்குக் கடிகாரம். அந்தத் தையில் ஒரு நாள்கூட அது தவறியதில்லை, ஒரு நாள்கூட மத்தியானத்தில் கேட்டதும் இல்லை. அவர் அப்படிச் சொன்ன நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. என் விடை தப்பு என்று தெரிந்துவிட்டது. சுற்றிலும் நூறு பேர் நின்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான், "எனக்குக் கேக்கல" என்றேன்.

அவ்வளவுதான். இரண்டே வார்த்தை. ஊர்ப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். சத்தியம் பண்ண மறுத்தவன் என்று அவரைப் பேசினார்கள். அவர் என்னைத் திட்டவில்லை, அழவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தார், பிறகு அந்தோணியம்மாளைப் பார்த்து, "வா, போலாம்" என்றார். நம் மனைக்கட்டில் இருந்த குடிசையைக் காலி பண்ணிக்கொண்டு அந்த வாரமே போனார்கள். போகும் முன் மூலையில் இருந்த பச்சை மிளகாயை அந்தோணியம்மாள் பறித்து, பாதியை ஓர் ஓலைக் கொட்டானில் போட்டு நம் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அது நம் நிலத்தில் விளைந்தது, பாதி நமக்குச் சேரவேண்டியது என்று நினைத்திருப்பாள். உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "எனக்கும்தான் கேட்டுச்சு. நான் கூட்டத்துல வாயத் தொறக்கல. இந்தப் பாவத்துல பாதி எனக்கு" என்றாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

மறு வருஷம் வேறு ஆள் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நானே கவலை ஓட்டினேன். விடியற்காலை இறைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். நேரத்தில் ஒரு பிசகும் இல்லை, ஏனென்றால் இறைத்தவன் நான். தையில் மறுபடியும் கருகியது. அப்போதுதான் ஆரோக்கியம் சொன்னதைச் செய்துபார்த்தேன். ஒரு பழைய நோட்டில் தினமும் காற்று எப்படி, பனி எப்படி, புகை எங்கே போயிற்று, இலை எப்படி என்று குறித்துவந்தேன். இரண்டு வருஷம் விடாமல் குறித்தேன். காளவாய் வருஷம் முழுக்க எரிந்தது. ஆனால் செடி வருஷம் முழுக்கக் கருகவில்லை. ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது புகை நிற்காமல் ஓடிவிடும். ஐப்பசி கார்த்திகையில் மழை அதைக் கழுவிவிடும். மார்கழி பிற்பாதியிலிருந்து காற்று செத்துவிடும். பனி மூடும். காலையில் புகை மேலே ஏற முடியாமல் கொல்லையின் மேல் படுத்துக்கிடக்கும். வெயில் ஏறி அது கலைவதற்குள் செடி மூச்சுவிடத் தொடங்கியிருக்கும். அந்த மாதிரி இரண்டு நாள் சேர்ந்து வந்தால் மூன்றாம் நாள் புள்ளி விழும். நடுவில் ஒரு தூறல் போட்டால் விழாது.

இன்னொன்றும் குறித்திருக்கிறேன், அது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பங்குனி வெயிலில் புகை கண்ணுக்கே தெரியாது. வானம் வெளுத்து, அடிவானம் மட்டும் மங்கலாக இருக்கும். காற்று அசையாது. அப்படிப்பட்ட நாட்களில் காளவாயிலிருந்து வெகுதூரம் தள்ளி, புகை வாடையே எட்டாத கொல்லைகளில்கூட அவரை இலையிலும் கடலை இலையிலும் அதே புள்ளி விழுந்ததைப் பார்த்தேன். பகல் இரண்டு மணிக்குமேல் கண் எரியும், தொண்டை கமறும், அந்தி சாய்ந்தால் சரியாகிவிடும். நேற்றுக் கிளம்பிய புகை அசையாத காற்றில் கிடந்து, வெயிலில் காய்ந்து, வேறு ஏதோவாக மாறுகிறது என்று எனக்குத் தோன்றும். அதற்குப் பெயர் இருக்கிறதோ இல்லையோ எனக்குத் தெரியாது. உன்னைப்போல் படித்தவர்கள் ஒரு நாள் கண்டுபிடிப்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைக்க நான் அந்த நோட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

மேட்டு மூலை ஏன் தப்பியது என்பது மட்டும் பிடிபடாமலே இருந்தது. அதைத் தீர்த்துவைத்தது நீ. இண்டர்மீடியட் லீவில் கட்டிலில் படுத்துக்கொண்டு செடிநூல் பாடத்தை உரக்கப் படித்தாய். இலையில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் உண்டு, செடி அவற்றின் வழியாகத்தான் மூச்சுவிடும், வேரில் ஈரம் இருந்தால் அவை திறந்திருக்கும், ஈரம் குறைந்தால் நீர் போய்விடாதபடி மூடிக்கொள்ளும் என்று படித்தாய். நான் தாழ்வாரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தாகமாய் இருந்த செடி வாயை மூடிக்கொண்டு தப்பியது. வயிறாரத் தண்ணீர் குடித்த செடி வாயைத் திறந்து அந்தப் புகையை உள்ளே இழுத்தது. நான் அதிகம் இறைக்கச் சொன்ன ஒவ்வொரு சாலும் செடிக்கு விஷத்தைக் கூடுதலாக ஊட்டியது. அன்று மாலை உனக்கு இதையெல்லாம் ஆர்வமாக விளக்கினேன். "அப்பா, நீங்க பெரிய விஞ்ஞானிப்பா" என்று கிண்டல் பண்ணினாய். ஆரோக்கியத்தின் பெயரை நான் எடுக்கவில்லை. புகை படுத்துக் கிடக்கும் நாளில்தான் வருகிறது என்று முதலில் கண்டவர் அவர். அதையும் நானே கண்டதாகச் சொல்லிக்கொண்டேன்.

உண்மை தெரிந்த பிறகாவது ஏன் போய்ச் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். வெட்கம் ஒன்று. இன்னொன்றும் இருந்தது. அந்த வருஷம்தான் நம் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு புது அறை எழும்பியது. சுண்ணாம்பு முழுக்கக் காளவாய் முதலாளி இனாமாகக் கொடுத்தார். கேட்டு வாங்கியவன் நான். புகைதான் காரணம் என்று ஊரில் சொன்னால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? பிறகு போர் முடிந்து காளவாய்களும் அணைந்தன. இனி யாருக்கு என்ன, போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதே முதலாளி, "வாத்தியார் புள்ளைய எங்கிட்ட விடுங்க" என்று உன்னைக் கேட்டபோது சந்தோஷமாக அனுப்பிவைத்தேன். பேசாமல் இருந்தது எனக்கு இப்படி ஒவ்வொரு முறையும் நல்லதாகவே முடிந்தது. அதனால்தான் அது பாவம் என்று தெரிய இத்தனை வருஷம் ஆனது.

இப்போது நீ பார்த்த இடத்துக்கு வருகிறேன். நீ ஆடியில் போனாய். மேல்காற்று பலமாக அடித்திருக்கும். புகை கிழக்கே ஆளில்லாத தரிசுக்குப் போய்விடும் என்று நீ எழுதிக் கொடுத்திருப்பாய். அன்றைக்கு அது சரி. தையில் போய்ப் பார். அது ஓடைப் பள்ளம். சுற்றிலும் மேடு. பனி இறங்கினால் உச்சிப் பொழுதுவரை எழும்பாது, அதோடு சேர்ந்து புகையும் எழும்பாது. ஒரு மாதத்துக் காற்றைப் பார்த்து வருஷத்துக்கே முடிவு கட்டாதே. மேட்டுக்கு மேலே, வடக்கே வெறும் பாறை வெளியில், நாலு திசைக் காற்றும் படுகிற இடம் இருக்கிறது. கல் கொண்டுவரக் கொஞ்சம் தூரம் அதிகம், அவ்வளவுதான். இதை முதலாளியிடம் சொல்ல உனக்குத் தைரியம் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷத்தில், தான் பார்த்த இடம் தப்பு என்று தானே சொல்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நூறு பேருக்கு முன்னால் எனக்கு வராத தைரியத்தை உன்னிடம் கேட்கிறேன்.

போன வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். அங்கே ஆரோக்கியம் இருக்கிறார். நீ சொன்ன "நாலு பேரு" அவரும் அவர் மனைவி பிள்ளைகளும்தான். இங்கிருந்து போய், மைத்துனர் ஊர் என்று அந்தப் பக்கம் ஒதுங்கி, யாரும் வேண்டாம் என்று விட்ட தரிசைத் திருத்திக் கம்பு விதைத்து இருந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் அந்தோணியம்மாள் தலைமுந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் மட்டும், "வாங்க வாத்தியாரய்யா" என்று கட்டிலை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோய், "ஆரோக்கியம், அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சுங்க. தெனமும் கேட்டுச்சு" என்று மட்டும் சொன்னேன். அவரை "ங்க" போட்டுப் பேசியது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. அவர் கட்டிலை எடுத்துச் சுவரோரம் சாய்த்தார். பிறகு, "கேட்டுருக்கும்னு எனக்குத் தெரியும்ங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குன்னுதான் நான் சத்தியம் பண்ணல" என்றார். உள்ளேயிருந்து அந்தோணியம்மாளின் குரல் மட்டும் வந்தது: "இத சொல்ல ஆறு வருசம் ஆயிருக்கு. எம் மூத்த மவளக் கட்டிக்க வந்தவுங்க, சத்தியத்துக்குப் பயந்தவன் வூட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு போயிட்டாங்க. அது தெரியுமா ஒங்களுக்கு?" எனக்குத் தெரியாது. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் ஊருக்கு முன்னால் சொல்லிவிடப் போகிறேன். உன் அம்மாவும் கூட நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். அதனால் அந்தப் பெண்ணுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்றும் தெரியும்.

கிளம்பும்போது ஆரோக்கியம், "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்று என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு கிணறு. தகப்பனும் பிள்ளைகளுமாக இரண்டு கோடை வெட்டி, போன ஆவணியில் ஊற்றைக் கண்டிருக்கிறார்கள். தண்ணீர் கல்கண்டு மாதிரி இருந்தது, குடித்துப் பார்த்தேன். கிணற்றைச் சுற்றி முதல்முறையாக மிளகாய் நட்டிருக்கிறார்கள். நாற்று வேர் பிடித்து நாலு இலை விட்டிருக்கிறது. மகனே, அது இப்போது வானம் பார்த்த பூமி இல்லை. தையில் அந்தச் செடிகள் தண்ணீர் குடித்து வாய் திறந்து நிற்கும்.

பாத்திகளுக்கு நடுவில் நீ ஊன்றிய கல் நின்றது. "சின்னவரு ஆடியில வந்து ஊணிட்டுப் போனாருங்க. தொப்பி எல்லாம் போட்டுக்கிட்டு வந்தாரு. என்னை அடையாளம் தெரியல, நானும் ஒண்ணும் சொல்லிக்கல. கல்லு ஊணுனா ரோடு வருதுன்னு பேசிக்கிறாங்க. வந்தா மொளகாய வண்டியில ஏத்தி நேரா அரியலூருக்குக் கொண்டு போயிடலாம்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அது ரோடு இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், சொல்லாமல் மூடிக்கொண்டேன். அன்றைக்கு வராத வார்த்தை வியாழக்கிழமையும் வரவில்லை. வருகிற திங்கட்கிழமை முதலாளியை அங்கே அழைத்துப் போகப் போவதாகச் சொன்னாயே. அதற்கு முன்னால் நீ தனியாக ஒரு நடை போய்வா. உன் கல் கோணி விடக்கூடாது என்று அதைத் தொடாமல், வாய்க்காலைச் சுற்றி வளைத்து வெட்டித் தண்ணீர் விட்டிருக்கிறார். போய்ப் பார்.

உன் அப்பா